மாணவரும் சுயேச்சையும் - எளிய வாழ்வு யாருக்கு?

(கல்லூரி மாணவர் விடுதி ஒன்றின் ஆண்டு விழாவில், படிப்பு முடித்து வெளியேறும் மாணவர்கள் சார்பாகச் செய்யப்பட்ட பிரசங்கம்)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் சுதந்திரம், எதிர்காலம், எளிய வாழ்வு என்பதாகும். மூன்றும் பெரிய வார்த்தைகள். இவைகளைப் பற்றி மேடை ஏறியவர்களெல்லாம் பேசியிருக்கின்றார்கள். கேட்டவர்களெல்லாம் கை தட்டியிருக்கின்றார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நாமும் அந்தப்படியே பேசிவிட்டு இறங்கினால் ஒருவரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால், இன்னும் சில நாட்களில் இந்த விடுதியைக் காலி செய்துகொண்டு போகப்போகின்ற நமக்கு இவை வெறும் வார்த்தைகளாக இல்லை. எந்த ஊருக்கு வண்டி ஏறுவது, முதல் மாதச் சம்பளத்தை யார் கையில் கொடுப்பது, யார் இஷ்டப்படி கலியாணம் செய்துகொள்ளுவது என்கின்ற கேள்விகளாக நம் எதிரில் வந்து நிற்கின்றன. ஆகையால் நம் மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றோம். நாம் சொல்லுவதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் சொந்த அறிவைக்கொண்டு யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

யாருக்குச் சுதந்திரம்?

1947-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி வெள்ளைக்காரன் போனான் என்பது எல்லோருக்கும் தெரியும். 1950-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி முதல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. படித்தவன், படிக்காதவன், பணக்காரன், ஏழை, ஆண், பெண் என்கின்ற வித்தியாசம் இல்லாமல் வயது வந்தவர் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்று ஏற்பட்டது. ஆரம்பத்தில் 21 வயது என்று இருந்ததை 1988-ம் வருஷத்துத் திருத்தத்தின் மூலம் 18 ஆக்கினார்கள். அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு இருக்கின்றது. இவையெல்லாம் சாமானியமான காரியங்கள் அல்ல. 1951-ம் வருஷத்து ஜனக் கணக்கில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கே எழுதப் படிக்கத் தெரிந்திருந்த தேசத்தில், கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்கும் ஓட்டுக் கொடுத்தது பெருத்த துணிச்சலேயாகும்.

என்றாலும், அந்த அரசியல் சட்டத்தைத் தயாரித்த கமிட்டியின் தலைவரான டாக்டர் அம்பேத்கர் அவர்களே 1949-ம் வருஷம் நவம்பர் 25-ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது ஓர் எச்சரிக்கை செய்தார். அரசியலில் ஆளுக்கு ஒரு ஓட்டு, ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரே மதிப்பு என்கின்ற சமத்துவம் வரப்போகின்றது. சமூகத்திலும் பொருளாதாரத்திலுமோ ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கப்போகின்றது. இந்த முரண்பாட்டைச் சீக்கிரத்தில் நீக்காவிட்டால் அரசியல் ஜனநாயகமே ஆபத்துக்குள்ளாகும் என்பது அதன் கருத்து. இந்த முரண்பாடு புத்தகத்தில் மாத்திரம் இருப்பதல்ல. நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றது. வெட்கத்தை விட்டு நமது வீட்டுக் கதையையே சொல்லுகின்றோம்.

நமது வீட்டில் நடந்தது

நமது தகப்பனார் ஒரு தையல்காரர். ஒரு ஓட்டு வீடும் ஒரு தையல் மிஷினும்தான் ஆஸ்தி. நமக்கு ஒரு தமக்கை உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் நம்மைவிட அதிக மார்க்கு வாங்கியவர். நர்சு வேலைக்குப் படிக்கவேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டார். "அதற்குப் பணத்துக்கு எங்கே போவது?" என்று தகப்பனார் கேட்டார். அந்தக் கேள்விக்கு வீட்டில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒரு வருஷத்திற்குள் அதே அக்காவுக்குக் கலியாணம் நிச்சயமானபோது, பணத்துக்கு எங்கே போவது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊரில் ஒரு பெரிய மனிதரிடம் மூன்று லட்ச ரூபாய் கடன் வாங்கப்பட்டது. மண்டபம், மேளம், பந்தல், அறுநூறு இலை, தெருவெல்லாம் படம் போட்ட பேனர்! எச்சில் இலையை எடுத்து எறிவதற்குள் மூன்று லட்சமும் கரைந்துபோயிற்று. "எதற்கு இவ்வளவு?" என்று நாம் கேட்டதற்குத் தகப்பனார் சொன்ன ஒரே பதில், "ஊர் என்னப்பா சொல்லும்?" என்பதுதான்.

தோழர்களே! ஊர் என்ன சொல்லிற்று தெரியுமா? சாம்பாரில் உப்பு அதிகம் என்று சொல்லிற்று.

நிற்க, அந்தக் கடனுக்கு நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. மாதம் ஆறாயிரம், வருஷம் எழுபத்தீராயிரம். ஐம்பது மாதம் வட்டி மாத்திரம் கட்டினால் வாங்கிய மூன்று லட்சமும் வட்டியாகவே போய்ச் சேர்ந்துவிடும். அசல் மூன்று லட்சம் அப்படியே நிற்கும். தகப்பனார் இரவு பதினொரு மணி வரையில் மிஷின் மிதிப்பது குடும்பத்துக்காக என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான், அவர் மிதிப்பது அந்தப் பெரிய மனிதருக்காக என்று தெரிந்தது.

இத்தோடு முடிந்திருந்தாலும் இதை இங்கே சொல்லியிருக்க மாட்டோம். பிறகு ஒரு தேர்தல் வந்தது. அந்தப் பெரிய மனிதர் ஒரு கொடியைக் கொடுத்தனுப்பினார். நமது வீட்டு வாசலில் அந்தக் கொடி ஏறிற்று. அது நமது தகப்பனாருக்குப் பிடிக்காத கொடி. "ஓட்டுப் போடுவது ரகசியம்தானே, உள்ளே போய் இஷ்டப்பட்டதற்குப் போடலாமே" என்று நாம் சொன்னோம். அதற்கு அவர், "ரகசியந்தான் தம்பி. ஆனால் அந்தப் பொத்தானுக்கு நேரே விரலைக் கொண்டுபோகும்போது கை நடுங்குதே!" என்றார்.

சுதந்திரம் என்பதைப் பற்றி நாம் மூன்று வருஷம் சரித்திர வகுப்பில் படித்ததைவிட இந்த ஒரு வார்த்தையில் அதிகமாகக் கற்றுக்கொண்டோம். சட்டம் அவருக்கு ஓட்டைக் கொடுத்தது; வீண் ஆடம்பரமும் கடனும் அந்தக் கையை நடுங்கச் செய்தன. அந்நியன் போய்விட்டால் அடிமைத்தனமும் போய்விடும் என்பது உண்மையானால் அந்தக் கை ஏன் நடுங்கவேண்டும்?

எளிய வாழ்வு யாருக்கு?

இதைச் சொன்னவுடன் சிலர், "அதனால்தான் எளிய வாழ்வு வாழவேண்டும் என்று நமது பெரியோர்கள் சொன்னார்கள்" என்று எழுந்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்த நாட்டில் எளிய வாழ்வு என்பது யாருக்கு, யாரால், எதற்காக உபதேசிக்கப்பட்டு வந்திருக்கின்றது என்பதையும் பார்க்கவேண்டும்.

1921-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் மதுரையில் காந்தியார் தமது சட்டையையும் மற்ற உடைகளையும் விட்டுவிட்டு முழங்கால் வரைக்கும் உள்ள ஒரு துண்டை உடுத்த ஆரம்பித்தார். ஏழைகளைப் பார்த்து, அவர்களைப் போல் தாமும் இருக்கவேண்டும் என்று அப்படிச் செய்தார். அந்த எண்ணத்தை நாம் குறை கூற வரவில்லை. அதற்காக உலகமே அவரை மெச்சிற்று.

அதற்கு ஒன்பது வருஷம் கழித்து, 1930-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், அந்த மதுரைக்குப் பக்கத்து ஜில்லாவாகிய இராமநாதபுரத்தில் நடந்தது என்ன? ஆதிதிராவிட மக்களுக்கு மேல்ஜாதிக்காரர்கள் எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம் வெள்ளி நகை போடக்கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக்கூடாது, சட்டையோ பனியனோ போடக்கூடாது, கிராப்பு வைத்துக்கொள்ளக்கூடாது, வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது, குடையும் செருப்பும் உபயோகிக்கக்கூடாது. இவைகளை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931-ம் வருஷம் இந்தத் தடைகள் பதினொன்றாகப் பெருகின. அவைகளில் ஒன்று, அவர்களுடைய பிள்ளைகள் படிக்கவே கூடாது, மிராசுதார்களின் மாட்டை மேய்க்கத்தான் வேண்டும் என்பதாகும். இது நம்முடைய கற்பனையல்ல. 1931-ம் வருஷத்து ஜனக் கணக்கு அதிகாரியாயிருந்த ஹட்டன் என்பவர் ஜாதியைப் பற்றிய தமது புத்தகத்தில் எழுதி வைத்திருக்கின்றார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்டையைக் கழற்றிய ஒருவர் மகாத்மாவானார். சட்டையைப் போட்ட ஒருவன் உதைபட்டான். இடுப்பில் ஒரு துண்டு, மண் பாத்திரம், காலில் செருப்பில்லை, கழுத்தில் நகையில்லை என்பதுதான் எளிய வாழ்வென்றால், நமது சேரிகளில் இருந்தவர்களெல்லாம் நூற்றுக்கணக்கான வருஷங்களாக மகாத்மாக்களாகவே அல்லவா இருந்திருக்கவேண்டும்? அவர்களை ஒருவரும் கும்பிடவில்லையே, ஏன்? போட்டுக்கொள்ள உரிமை உள்ளவன் கழற்றினால்தான் அது எளிமை. உரிமையே இல்லாதவன் வெறும் உடம்போடு நிற்பது எளிமையல்ல, அடிமை. அதனால்தான் அம்பேத்கர் அவர்கள் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு நின்ற படத்தைப் பார்த்து ஒரு கோடானுகோடி ஜனங்கள் இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளுகின்றார்கள். அந்தக் கோட்டை ஆடம்பரம் என்று சொல்லுகின்றவனுக்கு இந்த நாட்டுச் சரித்திரம் தெரியாது என்றுதான் அர்த்தம்.

ஆகவே, இல்லாதவனிடம் போய் எளிய வாழ்வைப் பிரசங்கிப்பது பசித்தவனுக்கு உபவாசத்தின் பெருமையைச் சொல்லுவது போன்ற அயோக்கியத்தனமாகும்.

இன்னொரு விதமான எளிமையும் உண்டு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒரு வேளைச் சாப்பாடு, நாற்காலி கூட வேண்டாம் என்று பாயில் உட்காரும் பெரியவர்களைப் பார்க்கின்றோம். அந்த வேட்டி எப்படி வெள்ளையாயிற்று? அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத் தண்ணீர் எடுத்தது யார்? புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுப்பு ஊதியது யார்? ஓர் ஆணின் எளிய வாழ்வுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் முதுகெலும்பு முறிகின்றதென்றால், அது எளிய வாழ்வு அல்ல. செலவைப் பிறர் கணக்கில் எழுதுகின்ற வித்தை. குழாய்த் தண்ணீரையும், காஸ் அடுப்பையும், துணி துவைக்கும் மிஷினையும் பார்த்து, "அந்தக் காலத்தில் இதெல்லாம் உண்டா?" என்று பெருமூச்சு விடுகின்றவர்களில் பெரும்பாலோர் அந்தக் காலத்தில் ஒரு குடம் தண்ணீர் கூட எடுக்காதவர்களாகவே இருப்பார்கள்.

காட்டில் வசித்த ஒருவர்

அப்படியானால் எளிமை என்பதே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் அது எதற்காக என்பதை அமெரிக்காவில் இருந்த ஒருவரைக் கொண்டு சொல்லலாமென்று நினைக்கின்றோம். தோரோ என்பவர் ஹார்வர்டு கல்லூரியில் படித்தவர். 1845-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி, அதாவது அமெரிக்கர்கள் தங்கள் சுதந்திர தினத்தைக் கொண்டாடும் அன்று, வால்டன் என்கின்ற குளக்கரையில் தம் கையாலேயே கட்டிய ஒரு சிறு குடிசைக்குக் குடி போனார். இரண்டு வருஷத்திற்கு மேல் அங்கே வசித்தார். குடிசைக்கான சாமான்களுக்குச் செலவு சுமார் 28 டாலர் என்று பைசா முதல் கணக்கு எழுதி, 1854-ல் வெளிவந்த தமது புத்தகத்தில் அச்சிட்டிருக்கின்றார். ஒரு பொருளின் விலை என்பது அதற்காக நாம் கொடுக்க நேரிடும் ஆயுளின் அளவே என்பது அவருடைய கணக்கு முறை.

அவர் செய்தது சந்நியாசமல்ல. மோட்சத்திற்காகவும் அல்ல. தம் நேரத்திற்குத் தாமே எஜமானனாக இருக்கவேண்டும் என்பதற்காகவே. அப்படி இருந்ததனால் என்ன செய்ய முடிந்தது என்பதுதான் நாம் கவனிக்கவேண்டியது. அக்காலத்தில், சுதந்திர தேசம் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அமெரிக்காவில் லட்சக்கணக்கான நீக்ரோ மக்கள் ஆடுமாடுகளைப் போல் விற்கப்பட்டு வந்தார்கள். அடிமை முறையை ஆதரிக்கும் சர்க்காருக்கு வரி கொடுக்கமாட்டேன் என்று தோரோ மறுத்தார். 1846-ல் ஓர் இரவு ஜெயிலில் இருந்தார். அந்த அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865-ல்தான். குடிசைக்காரரான அவரிடம் பறிமுதல் செய்யப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆகையால் பயமுறுத்தவும் முடியவில்லை. நமது தகப்பனாரின் விரல் நடுங்கியதையும், இவருடைய வாய் நடுங்காததையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

அவர் குடிசை போட்ட நிலம் ஒரு சிநேகிதருடையது. அவருக்குக் குழந்தை குட்டி கிடையாது. வேண்டாமென்றால் திரும்பிப் போவதற்கு ஒரு வீடும் இருந்தது. ஆதலால் எல்லோரும் அவரைப் போலக் காட்டுக்குப் போகவேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அவருடைய கணக்குப் புத்தகத்தை மாத்திரம் வாங்கிக்கொண்டு, குடிசையை அவரிடமே விட்டுவிடலாம்.

எதிர்காலம் எங்கே இருக்கின்றது?

எதிர்காலம் என்றவுடன் நம் ஜனங்கள் ஜாதகத்தை எடுக்கின்றார்கள். பரீட்சை எழுதும் பேனாவைச் சாமி காலடியில் வைத்து எடுத்துக்கொண்டு போகின்ற மாணவர்கள் நம் விடுதியிலேயே இருக்கின்றார்கள். அவர்களைப் பார்த்து நமக்குக் கோபம் வரவில்லை, பயத்தினால் செய்கின்றார்கள். பயத்தைப் போக்குவது அறிவு ஒன்றேதான்.

நமது பாட்டிமார்கள் காலத்தில் வைசூரி வந்தால் அம்மை இறங்கியிருக்கின்றாள் என்று வேப்பிலை கட்டி, கூழ் ஊற்றி, வேண்டிக்கொண்டார்கள். எத்தனையோ லட்சம் பேர் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் கண்ணை இழந்தார்கள். 1796-ல் ஜென்னர் என்கின்ற வைத்தியர் அம்மை குத்தும் முறையைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு தெருத்தெருவாக, வீடுவீடாகச் சென்று ஊசி போட்ட சாதாரண சிப்பந்திகளின் உழைப்பால் இந்தியாவில் 1975-ம் வருஷத்தோடு அந்த நோய் நின்றது. 1980-ல் உலகத்திலேயே ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது. கூழ் இன்றும் ஊற்றுகின்றார்கள், வைசூரி வருவதில்லை. ஊற்றாத தேசங்களுக்கும் வருவதில்லை. எதிர்காலம் எழுதப்படுவது நெற்றியிலா, மனிதனுடைய கையினாலா என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்ச சாட்சி வேண்டுமா?

இந்தியாவின் அரசியல் சட்டத்தில் 1976-ல் சேர்க்கப்பட்ட பிரஜைகளின் கடமைகளில், விஞ்ஞான மனப்பான்மையையும் விசாரித்தறியும் குணத்தையும் வளர்க்கவேண்டும் என்பதும் ஒன்று. அதாவது ஏன், எதற்கு என்று கேட்பது நம் உரிமை மாத்திரமல்ல, கடமையும் ஆகும். 1951-ல் நூற்றுக்குச் சுமார் 18 பேர் படித்திருந்த தேசத்தில் 2011-ம் வருஷத்துக் கணக்கில் 74 பேர் படித்தவர்களானதும், மாட்டைத்தான் மேய்க்கவேண்டும் என்று தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த விடுதியில் உட்கார்ந்து இன்று நம் பேச்சைக் கேட்பதும் ஜாதகத்தில் இருந்து வந்தவையல்ல. கேட்டுப் போராடி வந்தவை.

நாம் செய்யவேண்டியது

ஆகவே தோழர்களே! எளிய வாழ்வு என்பது வயிற்றைக் கட்டுவதல்ல. புத்தகத்திற்கும், முட்டைக்கும் பாலுக்கும், கண்ணாடிக்கும், வைத்தியத்திற்கும், ஒழுகாத கூரைக்கும் தாராளமாகச் செலவு செய்யுங்கள். ஊர் என்ன சொல்லும் என்கின்ற ஒரே காரணத்திற்காகச் செய்யும் செலவை மாத்திரம் நிறுத்துங்கள். சடங்குக்குக் கடன் வாங்காதீர்கள். புரோகிதரும் மந்திரமும் இல்லாமல், உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி மாலை மாற்றிக்கொண்டாலே கலியாணம் செல்லும் என்று 1967-ம் வருஷத்திலேயே நம் நாட்டுச் சட்டசபை சட்டம் செய்திருக்கின்றது. அதற்கு இரண்டு மாலையின் விலைதான் ஆகும். தவணைக்குப் பொருள் வாங்கும் முன்பு, அதன் விலை எத்தனை ரூபாய் என்று பாராமல், நம் ஆயுளில் எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வரதட்சணை வாங்குவது 1961-ம் வருஷத்திலிருந்தே குற்றம். பட்டம் வாங்கிய பிறகு நம் விலை ஏறுகின்றதென்றால் நாம் படித்தது சந்தைக்குப் போவதற்காகவா என்று ஒவ்வொரு ஆண் மாணவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டும். குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989-ல் தமிழ்நாட்டிலும் 2005-ல் இந்தியா முழுமைக்கும் இந்துச் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் அக்கா தங்கைகளிடம் கையெழுத்து வாங்கிப் பங்கை எழுதிக்கொள்ளும் வழக்கம் நின்றபாடில்லை. அந்தப் பத்திரத்திற்கு "விடுதலைப் பத்திரம்" என்று பெயர்! பெண்ணின் சுதந்திரத்தைப் பிடுங்குவதற்கு இதைவிடப் பொருத்தமில்லாத பெயர் வேறு கிடைக்காது. நமது வீட்டில் இருப்பது ஒரு ஓட்டு வீடுதான். அதில் பாதி அக்காவுடையது என்பதை இத்தனை பேர் முன்னிலையில் சொல்லிவிட்டுப் போகின்றோம். பின்னால் நாம் மாறினால் நீங்கள் கேட்கவேண்டும்.

நமது முதல் சம்பளத்தில் அந்தப் பெரிய மனிதரின் அசலில் ஒரு பங்கு அடையும். அந்தக் கடன் தீர்ந்த பின், அக்கா விரும்பிய படிப்புக்கு இனி வழி உண்டா என்று அவரையே கேட்பதாக இருக்கின்றோம். அடுத்த தேர்தலில் நமது தகப்பனாரின் கை நடுங்காமல் இருக்குமானால், நமது வீட்டுக்குச் சுதந்திரம் வந்த தேதி அதுதான் என்று குறித்து வைத்துக்கொள்ளுவோம்.

யாரும் இதற்காகச் சத்தியம் செய்யவேண்டாம். சத்தியம் செய்தவர்கள் இந்த நாட்டில் ஏராளம். இன்றிரவு அறைக்குப் போய் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரவு செலவை எழுதுங்கள். எந்தச் செலவு நம்மை நிமிர்ந்து நிற்கச் செய்கின்றது, எந்தச் செலவு பிறர் முன்பு குனியச் செய்கின்றது என்று இரண்டாகப் பிரியுங்கள். மற்றதை உங்கள் அறிவே சொல்லும்.